இரண்டு காதுக் கோப்பை

மலை இறங்கிய அன்று நாங்கள் காலையில் பெரட்டுக்களத்தில் வேலைக்குப் பேர் கொடுத்துவிட்டு, கொழுந்துக் கூடையைத் தலையில் மாட்டிக்கொண்டு மேல்மலைக்கு ஏறியிருந்தோம், அதனால்தான் பிழைத்தோம். கீழே பீலிக்கரையை ஒட்டிய லயத்து வரிசை வீடுகளில் இருந்தவர்கள், இராவேலை முடிந்து தொழிற்சாலையிலிருந்து வந்து படுத்தவர்களும், காய்ச்சலென்று வேலைக்கு வராதவர்களும், பள்ளிக்கூடம் போகச் சீப்பைத் தேடிக்கொண்டிருந்த பிள்ளைகளும், மண்ணுக்குள் போனார்கள். மேலிருந்து பார்த்த எங்களுக்கு மலை விழுந்ததாகவே தெரியவில்லை. நெடுநேரம் நின்று கால் கடுத்துப்போன ஒருத்தி அப்படியே குந்துவதைப் போல அது உட்கார்ந்தது. உட்கார்ந்த இடத்தில் லயம் இருந்தது, அம்மன் கோயில் இருந்தது, மலை ஊற்றைத் தகரக் குழாய் வைத்து இறக்கி, ஊசிமலைத் தோட்டம் உண்டான நாளிலிருந்து பகலும் இரவும் நிற்காமல் விழுந்துகொண்டிருந்த பீலித் தண்ணீர் இருந்தது, அதற்கு மேலே பாசி படிந்த கல்லறையில், அந்தப் பீலியை வெட்டுவித்துக் காய்ச்சலில் செத்துப்போன பழைய காலத்து வெள்ளைக்காரச் சின்னத்துரை ஒருவரும் இருந்தார். எல்லாம் ஒன்றாய்க் கலந்துபோயின.

மிச்சமிருந்த எங்களை மேற்பிரிவுப் பள்ளிக்கூடத்தில் தங்கவைத்தார்கள். அரிசி வந்தது, போர்வை வந்தது, மந்திரிமார் வந்து போனார்கள், பவுசர் வண்டியில் தண்ணீர் வந்தது. அந்தத் தண்ணீரில் மருந்து வாடை அடித்தது; குடித்தால் வயிறு நிறைந்ததே தவிர தாகம் போகவில்லை. பீலித் தண்ணீரைக் குடித்து வளர்ந்த நாக்கு வேறு எதையும் தண்ணீர் என்று ஒப்புக்கொள்ளாது என்று நாங்கள் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்டு, இரவும் பகலும் வறண்ட வாயோடு பெஞ்சுகளுக்கு இடையில் படுத்துக் கிடந்தோம்.

அந்தச் சொல்லை முதலில் சொன்னவள் வேலாயி. அவள் புருஷன் பிச்சமுத்து மண்ணுக்குள் போனதிலிருந்து அவள் வாயைத் திறக்கவில்லை. ஒரு காலையில் யாரோ தண்ணீர்ப் போத்தலை அவள் உதட்டருகே கொண்டுபோனபோது, அதைத் தள்ளிவிட்டு, இரண்டு கைகளையும் முன்னால் நீட்டி, "குவேக்" என்றாள். அது தமிழில்லை, சிங்களமில்லை, துரைமார் ஏசியபோது நாங்கள் கேட்டிருந்த இங்கிலீசும் இல்லை. தொண்டைக்குள் தொடங்கி, காறுவதுபோல் உரசி, தொண்டைக்குள்ளேயே முடிந்தது. சொன்னதும் அவள் கைகள் பாரத்தை வாங்கியவைபோலச் சற்றுத் தாழ்ந்தன. எங்கள் கண்ணுக்கு அந்தக் கைகளில் ஒன்றுமில்லை. ஆனால் அவள் குனிந்து குடித்தாள், தொண்டை ஏறி இறங்குவதைப் பார்த்தோம், அவள் முகவாயிலிருந்து சொட்டிய தண்ணீரைத் தொட்டு முகர்ந்த அத்தனை பேரும் அழுதோம், ஏனென்றால் அதில் பாசியும் தகரமும் காட்டு இஞ்சியும் கலந்த பீலி வாசம் இருந்தது. பிறகு அவள் கைகள் தாமாக முன்னால் போயின, எதிரில் உட்கார்ந்திருக்கும் ஒருவர் பாத்திரத்தின் மறுபக்கத்தைப் பிடித்துத் தன் பக்கம் இழுத்தால் எப்படிப் போகுமோ அப்படி. வேலாயி அந்த வெற்றிடத்தைப் பார்த்து, "மெதுவாக் குடிங்க, பொரையேறப் போவுது" என்றாள்.

அன்று மத்தியானத்துக்குள் முகாமில் பாதிப்பேர் அந்தச் சொல்லைச் சொல்லிப் பார்த்துவிட்டார்கள். சொன்னவர் கையில் அது வந்தது. விரலால் தடவினால் மரம் என்று தெரிந்தது, தட்டையான கிண்ணம், இந்தப் பக்கம் ஒரு காது, அந்தப் பக்கம் ஒரு காது. நாம் ஒரு காதைப் பிடித்துக் குடித்து முடித்ததும், மறு காதை யாரோ பிடித்தார்கள். யார் என்று எவருக்கும் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை. ராசாத்தியின் கோப்பை எப்போதும் கீழ்நோக்கி இழுபட்டது, அவள் மகள் நாலாம் வகுப்புக்கூடத் தாண்டாதவள். அதனால் ராசாத்தி அதற்குப் பிறகு நின்றுகொண்டு அந்தச் சொல்லைச் சொன்னதே இல்லை, தரையில் சம்மணமிட்டு உட்கார்ந்துதான் சொன்னாள். கிழவி உயிரோடிருந்தபோது ஓயாமல் சண்டை போட்ட ஒரு கிழவரும் அவளும் இப்போது ஒரு கோப்பையை அங்குமிங்கும் இழுத்துச் சண்டை போட்டார்கள், கிழவர் நனைந்த சட்டையோடு வெளியே வந்து, "செத்தும் விட்டுக்குடுக்க மாட்டேங்கிறா" என்று சந்தோஷமாகச் சொன்னார். பூசாரி சன்னாசிக்கு மண்ணுக்குள் சொந்தம் யாரும் இல்லை. ஆனாலும் அவர் கோப்பையின் மறு காதைப் பெரிய கையொன்று பிடித்தது, சுருட்டு வாடை அடித்தது. சன்னாசி அதை முகர்ந்துவிட்டு, "கல்லறையில கெடந்த தொரதான் போல. மண்ணு கலந்துச்சுல்ல, அவரு வார்த்தை நம்ம வாயிக்கு வந்துருச்சு. குடிச்சிட்டுப் போவட்டும், தொரமாருக்கு எடுத்துக் குடுக்கிறது நமக்குப் பழக்கந்தானே" என்றார். அதற்குமேல் அது எப்படி வந்தது என்று நாங்கள் யாரும் கேட்டுக்கொள்ளவில்லை.

எப்படி நடந்துகொள்வது என்பதைத்தான் பேசிப் பேசி முடிவெடுத்தோம். முதலில் நாம் குடிக்க வேண்டும், பிறகு கொடுக்க வேண்டும். அவர்கள் குடித்து முடிக்குமுன் கையை இழுக்கக்கூடாது. அவர்களிடம் எதுவும் கேட்கக்கூடாது, ஏனென்றால் தண்ணீர் குடிக்க வந்தவரை நிறுத்திவைத்து விசாரிப்பது மரியாதையில்லை. விளையாட்டுக்குச் சொல்லக்கூடாது. தொழிற்சங்கத் தலைவர் அருளாண்டி இதை மேலிடத்துக்குச் சொல்ல வேண்டுமென்று சட்டை மாற்றிக்கொண்டு புறப்பட்டார், பள்ளிக்கூட வாசல்வரை போய், என்னவென்று சொல்வது என்று தெரியாமல் திரும்பிவந்து, தன் தம்பிக்குத் தண்ணீர் கொடுத்துவிட்டுப் படுத்துவிட்டார். சுகாதார அதிகாரி ஒருவர் வந்து, ராசாத்தியின் முகவாயில் சொட்டியதைக் குப்பியில் பிடித்தார். வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தபோது குப்பி காய்ந்திருந்தது. அவர் குப்பியைப் பையில் போட்டுக்கொண்டு, எங்களையெல்லாம் நன்றாகத் தூங்கச் சொல்லிவிட்டுப் போனார்.

சௌந்தரியின் கோப்பையை மட்டும் யாரும் இழுக்கவில்லை.

சௌந்தரியும் மகாமுனியும் பிள்ளையில்லாதவர்கள், பீலிக்கரை லயத்தில் ஓரத்து ஒற்றையறைக் காம்பராவில் இருந்தவர்கள். மகாமுனி தொழிற்சாலையில் கொழுந்து வாட்டும் தட்டில் இராவேலை பார்த்தவன். மலை இறங்கிய காலையில் அவன் வேலை முடிந்து வந்தபோது குடத்தில் தண்ணீர் இருக்கவில்லை. அவன் கத்தினான், அவளும் கத்தினாள், "பத்தடி நடந்தா பீலி இருக்கு, கையில்லையா ஒங்களுக்கு" என்று சொல்லிவிட்டு அவள் கூடையை எடுத்துக்கொண்டு மலைக்கு வந்துவிட்டாள். மலை உட்கார்ந்த பிறகு, பட்டாளம் வருவதற்கு முன், மற்றவர்கள் மண்வெட்டி தேடி ஓடிக்கொண்டிருந்தபோது, சௌந்தரி தன் காம்பரா இருந்த திக்கைக் குத்துமதிப்பாகப் பார்த்து உட்கார்ந்து வெறுங்கையால் தோண்டத் தொடங்கினாள். இருட்டும்வரை தோண்டினாள். அவளைத் தூக்கிக்கொண்டு வந்தபோது விரல்களில் நகங்கள் இருக்கவில்லை. மகாமுனியின் உடல் கிடைக்கவில்லை, நிறையப்பேர் உடல் கிடைக்கவில்லை, பெயர்களை மட்டும் கருங்கல்லில் வெட்டி நட்டார்கள்.

அவளும் அந்தச் சொல்லைச் சொன்னாள், அவள் கையிலும் கோப்பை வந்தது, அவளும் தன் பங்கைக் குடித்தாள். பிறகு மறு காதை நீட்டிப் பிடித்துக்கொண்டு காத்திருந்தாள். தோள் வலிக்கும்வரை காத்திருந்தாள். தண்ணீர் கையிலேயே மெல்ல இல்லாமல் போகும்வரை காத்திருந்தாள். அடுத்த நாளும் அப்படியே, அதற்கடுத்த நாளும் அப்படியே. பள்ளிக்கூடம் முழுக்கப் பாரத்தால் தாழ்ந்து இழுபடும் கைகளுக்கு நடுவே அவள் கைகள் மட்டும் அசையாமல் நீண்டிருப்பதை நாங்கள் பார்த்தோம், பார்த்தால் பேசாமல் இருக்கமாட்டோம் இல்லையா. தண்ணியில்லைன்னு கத்தினவனுக்குப் பீலிக்குப் போன்னு சொன்னவ கையில எப்படிக் குடிப்பான் என்றார்கள் சிலர். கோபம் ஆறட்டும், வருவான் என்றார்கள் சிலர். அவள் காதில் விழும்படியே பேசினார்கள். சௌந்தரி யாரும் இல்லாத பக்கத்தைப் பார்த்து, "சரிங்க, தப்புத்தான், குடிங்க" என்று தினமும் சொன்னாள். வேலாயிதான் ஒருநாள் பொறுக்கமாட்டாமல் அவளை அணைத்து எழுப்பிக் கூட்டிக்கொண்டு போனாள்.

வெள்ளைக்காரி வந்தது அந்த நாட்களில்தான். பழைய துரை பங்களாவை இப்போது சுற்றுலாக்காரர் தங்கும் இடமாக்கிவிட்டார்கள், அங்கே தங்கியிருந்தாள். இசோபெல் என்று பெயர், தலை முழுக்க நரைத்தவள், தன் பாட்டனாரின் தம்பி இந்தத் தோட்டத்தில் சின்னத்துரையாக இருந்து செத்தவர் என்றும், கல்லறையைப் பார்க்க வந்ததாகவும் சொன்னாள். கல்லறை போன இடத்தைக் காட்டினோம். செம்மண்ணைப் பார்த்துக்கொண்டு நின்றவள், பள்ளிக்கூட வாசலில் ராசாத்தி உட்கார்ந்து அந்தச் சொல்லைச் சொன்னதைக் கேட்டுத் திரும்பினாள். அவளைக் கூட்டிவந்த டிரைவர் ஜெயராஜ் அவள் பேசியதைத் தமிழில் சொன்னான்.

"அது அவங்க ஊரு வார்த்தையாம். ஸ்கொட்லாந்தில ரொம்பப் பழைய வார்த்தை. குடிக்கிற கோப்பையாம். இப்ப அங்கயே கல்யாணம் காட்சிக்கு எடுப்பாங்க, இல்லாட்டிக் கண்ணாடி அலமாரியில வச்சிருப்பாங்க, வீட்டில யாரும் சொல்றதில்லையாம்."

"ரெண்டு பக்கம் காது இருக்குமான்னு கேளு" என்றார் சன்னாசி.

ஜெயராஜ் கேட்டான். அவள் கையால் வாயைப் பொத்திக்கொண்டாள். பிறகு பேசினாள்.

"இருக்குமாம். அவங்க ஊர்லயும் அதக் காதுன்னுதான் சொல்லுவாங்களாம். வீட்டுக்காரரு மொதல்ல குடிக்கணும், வெஷமில்லைன்னு காட்ட. பெறகு வந்தவரு குடிக்கணும். ரெண்டு கையும் கோப்பையில இருந்தா கத்தி எடுக்க முடியாதுல்ல, அதுக்காகவாம்."

"ஒத்த ஆளாக் குடிக்கலாமா?" என்று கேட்டது சௌந்தரி. அவள் எதையாவது கேட்டு நாங்கள் பார்த்து நாளாகியிருந்தது.

"குடிக்கலாம், ஆனா அது அதுக்காகச் செஞ்சதில்லைங்கிறாங்க. எதிர்ல ஆள் இருந்தா ரெண்டாவது காது. ஆள் இல்லாட்டி அது சும்மா மரத்துண்டுதானாம்."

இசோபெல் தானும் அந்தச் சொல்லைச் சொல்லிப் பார்த்தாள், எங்களைவிடச் சுத்தமாகச் சொன்னாள், அவள் கையில் எதுவும் வரவில்லை. அவள் தாகமில்லாதவள், பாவம். சன்னாசி தன் கோப்பையை வரவழைத்து, துரைக்குக் கொடுக்கும்போது அவளைப் பக்கத்தில் உட்காரவைத்தார். சுருட்டு வாடை வந்தது. அவள் சட்டைக் கை முழங்கைவரை நனைந்தது. அந்த ஈரக் கையைப் பிழியாமல் அப்படியே நெஞ்சோடு பிடித்துக்கொண்டு அவள் வண்டியில் ஏறிப்போனாள்.

மறுநாள் காலையில் சௌந்தரி வேலாயியிடம் வந்து நின்றாள்.

"ஆள் இல்லாட்டி மரத்துண்டுன்னு சொன்னாங்கல்ல."

"ஆமா."

"அவரு கோவமா இருக்காருன்னு நெனச்சேன். கோவமா இருந்தா கைய வச்சுத் தட்டியாவது விட்டிருப்பாரு. அங்க ஆளே இல்ல வேலாயி."

கேட்கக்கூடாது என்று வைத்த கட்டுப்பாட்டை எங்களில் முதலில் மீறியவளும் வேலாயிதான். எல்லோரும் பார்த்துக்கொண்டிருக்க அவள் சொல்லைச் சொன்னாள், குடித்தாள், பிச்சமுத்து மறு காதைப் பிடித்ததும், "இந்தாங்க, கோவிச்சுக்காதீங்க, ஒண்ணே ஒண்ணு கேக்கிறேன். நம்ம மகாமுனி ஒங்களோட இருக்காரா?" என்றாள். கோப்பை கொஞ்சநேரம் அசையாமல் நின்றது. பிறகு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமுமாக, ஒரு மனுஷன் இல்லையென்று தலையாட்டுவதுபோல, மெதுவாக ஆடியது. ராசாத்தி கேட்டாள், அவள் கோப்பையும் ஆடியது. அருளாண்டி கேட்டார், அவர் கோப்பையும் ஆடியது. பள்ளிக்கூடம் முழுக்க ஒருவர் பின் ஒருவராகக் கேட்டார்கள், கேட்ட கைகளெல்லாம் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமுமாக ஆடின, தரையெல்லாம் தண்ணீர் சிந்தியது.

சௌந்தரி நெற்றியைத் தொட்டுப் பார்த்துக்கொண்டாள். பொட்டு இல்லாத இடத்தில் கை சிறிதுநேரம் நின்றது. "கொழும்புக்கு எத்தன மணிக்கு பஸ்ஸு?" என்று கேட்டாள்.

மகாமுனிக்குக் கொழும்பில் ஒரு கூட்டாளி உண்டு, பக்கத்துத் தோட்டத்துச் சிமியோன், புறக்கோட்டையில் ஒரு சாப்பாட்டுக் கடையில் வேலை செய்பவன்; தோட்டத்தை விட்டுவிட்டு அங்கே வந்துவிடு என்று வருஷக்கணக்காய்ச் சொல்லிக்கொண்டிருந்தவன். சௌந்தரி கடை கடையாகக் கேட்டுக்கொண்டு நடந்தாள். மத்தியானச் சாப்பாட்டு நேரம் முடிந்து மேசைகளைத் துடைத்துக்கொண்டிருந்த ஒரு கடையில், சிமியோன் அவளைப் பார்த்து, பின்கட்டைக் கைகாட்டிவிட்டு வெளியே போய்விட்டான். பின்கட்டில் தண்ணீர்க் குழாயடியில் குந்திக்கொண்டு மகாமுனி தேத்தண்ணிக் கிளாசுகளைக் கழுவிக்கொண்டிருந்தான். தாடி வைத்திருந்தான். அவளைப் பார்த்ததும் எழுந்திருக்கவில்லை, வா என்று சொல்லவில்லை, கையிலிருந்த கிளாசைக் கழுவி முடித்துக் கவிழ்த்தான். இதையெல்லாம் அவள் வேலாயியிடம் சொல்லி, வேலாயி எங்களிடம் சொன்னாள்.

"சாப்பிட்டியா?" என்றான்.

"மலை எறங்கையில எங்க இருந்தீங்க?"

"பஸ்ஸில. நீ கத்திட்டுப் போனதும், எனக்கும் ரோசம் வந்துச்சு. சட்டையை மாட்டிட்டு ரோட்டுக்கு வந்து, வந்த பஸ்ஸில ஏறிட்டேன். எங்க போறதுன்னு தெரியாது. சாயங்காலம் திரும்பி வந்திருப்பேன், சத்தியமா. ஆலமரத்து வளைவில பஸ் திரும்பறப்ப சத்தம் கேட்டுச்சு. பாத்தா நம்ம லயத்துப் பக்கம் பொகையா இருக்கு. பஸ்ஸ நிப்பாட்டிட்டு டிரைவர், கண்டக்டர், எல்லாரும் எறங்கி ஓடினாங்க. சிங்கள ஆளுங்க, யாருன்னே தெரியாதவங்க, அவங்களும் ஓடினாங்க. நானும் ஓடினேன் சௌந்தரி. ரொம்ப தூரம் ஓடின பெறகுதான் பாத்தேன், நான் மத்தப் பக்கம் ஓடிட்டிருக்கேன்."

அவள் குழாயடியில் அவனுக்கு எதிரே குந்தினாள்.

"நீ மேல்மலையில இருப்பேன்னு தெரியும். நீ இருக்கேன்னு தெரியும். மறுநாள் பேப்பர்ல செத்தவங்க பேர்ல என் பேரு இருந்துச்சு. அதப் பாத்ததும்..." அவன் இன்னொரு கிளாசை எடுத்துக் கழுவினான். "அதப் பாத்ததும் நிம்மதியா இருந்துச்சு. இனிமே யாருக்கும் மொகத்தக் காட்ட வேண்டியதில்லைன்னு."

சௌந்தரி தன் கைகளை அவன் முன்னால் விரித்துக் காட்டினாள். நகங்கள் பாதி வளர்ந்து கோணலாக இருந்தன. "நான் ஒங்களத் தோண்டினேன்" என்றாள்.

அவன் அந்தக் கைகளைப் பார்த்தான், பிறகு பார்க்காமல் இருந்தான். குழாயை யாரும் மூடவில்லை, கிளாசுகளின் மேல் தண்ணீர் விழுந்துகொண்டே இருந்தது. அவன், மாடியில் ஒரு அறை இருக்கிறது, சிமியோன் வேறிடம் பார்த்துக்கொள்வான், நீயும் இங்கேயே வந்துவிடு, இங்கே நம்மை யாருக்கும் தெரியாது என்றான்.

"கைய நீட்டுங்க" என்றாள் அவள். "நான் சொல்ற மாதிரிச் சொல்லுங்க."

அவன் சொன்னான். கோப்பை அவன் கைக்கு வந்தது அவன் முகத்தில் தெரிந்தது. முதலில் நீங்க குடிக்கணும் என்று அவள் சொன்னாள், அவன் குடித்தான், பீலி வாசம் தொண்டையில் இறங்கியதும் அவன் கண்கள் விரிந்தன, என்ன இது என்று கேட்க வாயெடுத்தான், அதற்குள் மறு காதைப் பிடித்துவிட்டார்கள். ஒருவரல்ல. கிளாசுகள் உருண்டோட அவன் முழங்கால் அந்த ஈரத் தரையில் விழுந்து முன்னால் இழுபட்டது, விட்டுவிடாதீங்க என்று சௌந்தரி சொல்லிக்கொண்டே இருந்தாள், அவன் விடவில்லை. ஒருவர் குடித்து முடிக்க இன்னொருவர் பிடித்தார், கீழே இழுத்த சின்னக் கைகளும், மேலே இழுத்த நெட்டை ஆட்களும், சுருட்டு வாடை அடித்த ஒருவரும், பீலிக்கரை லயத்தில் அவனோடு சுவரைப் பகிர்ந்துகொண்டிருந்த அத்தனைபேரும் வரிசையில் வந்து குடித்தார்கள். முடிந்தபோது கடை வாசலில் வெயில் சாய்ந்திருந்தது. அவன் உள்ளங்கைகள் நெடுநேரம் தண்ணீரில் ஊறியவைபோல வெளுத்துச் சுருங்கியிருந்தன.

"எல்லாரும் வந்தாங்க" என்றான். "ஒருத்தர்கூட ஏசல. ஒருத்தராவது புடுங்கிப் போட்டிருக்கலாம் புள்ள."

சௌந்தரி எழுந்து சேலையைப் பிழிந்தாள். "நீங்க இங்கயே இருங்க. அங்க ஒங்களுக்குக் கல்லு இருக்கு, எடமில்ல" என்றாள். அவன் பஸ் நிலையம்வரை அவளுக்குப் பின்னால் வந்தான், பக்கத்தில் வரவில்லை. பஸ் புறப்படும்போது ஜன்னலுக்கு வெளியிலிருந்து ஒரு பொட்டலம் வடையை நீட்டினான். அவள் வாங்கிக்கொண்டாள்.

அவள் நெற்றியில் பொட்டோடு திரும்பி வந்ததும் நாங்கள் கூடிவிட்டோம். அவள் மறைக்கவில்லை. உசுரோட இருக்காரு, கிளாசு கழுவுறாரு என்றாள். சிலர் காறித் துப்பினார்கள். ராசாத்தி, அந்தப் பஸ்ஸில் தன் மகளையும் ஏற்றிக்கொண்டு ஓடியிருக்கக்கூடாதா என்று சொல்லி மார்பில் அடித்துக்கொண்டாள். கல்லில் வெட்டிய பெயரை உளியால் செதுக்கி எடுக்க வேண்டும் என்று இளவட்டங்கள் கிளம்பினார்கள். அருளாண்டி அவர்களைத் தடுத்து, "இருக்கட்டும்டா. செதுக்கினா கல்லுல பள்ளம் விழும், பாக்கிறவனெல்லாம் யாருன்னு கேப்பான். அவனுக்கும் என்னைக்காவது ஒரு நாள் வேணுந்தானே" என்றார். அதோடு அந்தப் பேச்சு முடிந்தது. முடிந்தது என்றால், நாங்கள் அதன்மேல் வேறு பேச்சுகளைப் போட்டுக்கொண்டோம்.

மழைக்காலம் போய் வெயில் வந்தபோது கீழே சமதரையில் கட்டிய புது வீடுகளுக்கு எங்களைக் கொண்டுபோனார்கள். வீட்டுக்குள்ளேயே குழாய் இருந்தது. அங்கே போன பிறகு இழுப்புக் குறையத் தொடங்கியது. மறு காதைப் பிடிக்கும் கைகள் இலேசாயின, குடிப்பது ஒரு மிடறு, அரை மிடறு என்று ஆனது, பிறகு ஒரு நாள் வெறுமனே விரலை வைத்து எடுப்பார்கள், வாசலில் நின்று போய்வருகிறேன் என்று சொல்வதுபோல. அதற்குப் பிறகு சொல்லைச் சொன்னாலும் கையில் ஒன்றும் வராது. ஒவ்வொரு வீட்டிலும் அந்த நாள் வந்தது, அந்த வீட்டில் அன்று அடுப்பு எரியவில்லை, நாங்கள் சோறு கொண்டுபோய்க் கொடுத்தோம். கிழவருக்கு வந்தது, அருளாண்டிக்கு வந்தது, பிச்சமுத்து வேலாயியின் விரலை ஒருமுறை தொட்டுவிட்டுப் போனார். ராசாத்தியின் மகள்தான் கடைசிவரை வந்தாள், பிள்ளைகளுக்குத் தாகம் அதிகம். அவளும் போன பிறகு அந்தச் சொல்லைப் பார்த்து நாங்கள் பயப்படுவதை விட்டோம். கடையில் வாங்கிய பிளாஸ்டிக் கோப்பைக்கு அந்தப் பேரையே வைத்துக் கூப்பிட்டோம். குவேக்கைக் கழுவு, குவேக்கில் ஊற்று என்று எல்லா வீட்டிலும் சத்தம் கேட்டது, எதுவும் நடக்கவில்லை.

கொழும்பிலிருந்து தகவல் எதுவும் வரவில்லை, சௌந்தரி போகவுமில்லை. வீட்டுக்குப் பின்னால் கீரைப்பாத்தி போட்டாள், பக்கத்து வீட்டு வேலாயியோடு சந்தைக்குப் போய் விற்றாள். சிரிக்கவும் செய்தாள்.

ஒரு மத்தியானம் இரண்டுபேரும் சௌந்தரியின் அடுப்படியில் உட்கார்ந்து மறுநாள் சந்தைக்குக் கீரை கட்டிக்கொண்டிருந்தார்கள். வேலாயிக்குத் தொண்டை காய்ந்தது.

"அந்தக் குவேக்கில கொஞ்சம் தண்ணி புடிச்சுக் குடேன்."

"எந்தக் குவேக்கு, செவப்பா?" என்று கேட்டுக்கொண்டே சௌந்தரி எழுந்தாள், எழுந்தவள் நின்றாள். கீரைக்கட்டு கீழே விழுந்தது. அவள் இரண்டு கைகளும் முன்னால் வந்து, பாரத்தை வாங்கியவைபோலச் சற்றுத் தாழ்ந்தன. அடுப்படி முழுக்கப் பாசி வாசம் எழுந்தது.

சௌந்தரி குனிந்தாள், அவசரப்படாமல், முறைப்படி, முதலில் தான் குடித்தாள். நிமிர்ந்து கோப்பையை எதிரே நீட்டினாள். கொஞ்சநேரம் ஒன்றுமில்லை, குழாயிலிருந்து சொட்டும் சத்தம் மட்டும் கேட்டது. பிறகு அவள் கைகள் வெடுக்கென்று இழுபட்டன. மகாமுனி அப்படித்தான், கொடுப்பவர் கையை விடுவதற்குள் பறிக்கிறவன், கல்யாணமான புதிதில் சோற்றுத்தட்டைக்கூட அப்படித்தான் வாங்குவான், ஊரில் வேறு யாருக்கும் அந்த இழுப்பு கிடையாது.

சௌந்தரி காலை அகட்டி ஊன்றிக்கொண்டு, அவன் பக்கம் கோப்பையைச் சாய்த்துப் பிடித்தாள்.

வேலாயிக்கு விளங்கிவிட்டது. அவள் தலைமுடியை அவிழ்த்துக்கொண்டு எழுந்து, வாசலைப் பார்த்துத் திரும்பி, ஒப்பாரி வைத்து ஊரைக் கூட்ட வாயைத் திறந்தாள்.

"கொஞ்சம் இரு வேலாயி" என்றாள் சௌந்தரி, கைகளிலிருந்து கண்ணை எடுக்காமல். "இன்னும் குடிச்சு முடிக்கல."